கூண்டு ஏத்தியாச்சு, அப்பு

என்னப்பு, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? கம்ப்யூட்டருக்குள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் வருதா? நல்லது. சாகப் போறது சொல்லிட்டுச் சாகுது. மனுசங்கள்ல எத்தனை பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு? அது பாவம், ஆறு மாசமா உன்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீதான் ரெண்டு காதுலயும் வெள்ளைக் குமிழைச் சொருகிக்கிட்டு தலையை ஆட்டிக்கிட்டிருந்த.

இந்தக் கிழவனுக்கு ஹார்ட் டிஸ்கைப் பத்தி என்ன தெரியும்னுதானே பாக்குற? பாரு, பாரு. நான் பாம்பன்காரன். என் பேரன் ராம்நாட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கல்லாவுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரு. ஈ ஓட்டத்தான் உக்கார வச்சான். ஈ குறைச்சல், வர்ற ஆளுக ஜாஸ்தி. ஒவ்வொருத்தனும் மூக்கைச் சிந்திக்கிட்டே சொல்ற கதையைக் கேட்டுக் கேட்டு, இப்ப அவன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நானே பாதி வைத்தியத்தைச் சொல்லி அனுப்பிர்றேன். காசு வாங்குறதில்ல. அதுதான் அவனுக்கு என்மேல கோவம்.

கடைக்கு வர்ற அம்புட்டுப் பேரும் மொதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தாத்தா." அப்படியா ராசா? உக்காரு. கொஞ்சம் தண்ணியக் குடி. திறக்க எம்புட்டு நேரம் ஆகும்? "அது ஒரு பத்து நிமிசம் ஆகும். நான் ஆன் பண்ணிட்டுக் குளிக்கப் போயிருவேன்." போட்டோ காப்பி பண்ணா? "பாதியில நின்னுரும். சைக்ளிக் ரிடண்டன்சின்னு என்னமோ இங்கிலீசுல திட்டும்." ஃபைலு ஏதும் காணாமப் போச்சா? "போகல. ஒரு ஃபோல்டர் பேரு மட்டும் சீன எழுத்தா மாறிப்போச்சு." சத்தம்? "அது பொங்கல்ல இருந்தே வருது." பாத்தியா, நேத்து வரைக்கும் நல்லா இருந்த லட்சணத்தை!

இன்னொரு மகராசன் கதையைக் கேளு. காலையில ஆன் பண்ணதும் கருப்புத் திரையில எழுத்துக்கூட்டி எழுதியே காட்டுதாம்: 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்'. நான் கெட்டுப்போயிட்டேன், இருக்குறதை எடுத்து வச்சுக்க, என்னைய மாத்திருன்னு அர்த்தம். இதுக்கு மேல ஒரு மிசின் என்னதான் செய்யணும்? உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டணுமா? அதுக்குக் கீழயே, தொடரணும்னா எஃப்-1 அமுக்குன்னும் போட்டிருக்கும். நம்மாளு தெனம் விடிஞ்சா எஃப்-1ஐ அமுக்கிட்டு வேலையைப் பாத்திருக்கான். "அமுக்குனாப் போயிருது தாத்தா"ங்கிறான். எது போயிருது? எழுத்து போயிருது. நோவு போகுதா?

நீ கடக்கரைப் புள்ளைதானே? பாம்பன்ல கூண்டு ஏத்துறதைப் பாத்திருப்பேல்ல? ஐப்பசி கார்த்திகை ஆச்சுனா, பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டுன்னு பேப்பர்ல வந்துரும். வெளியூர்க்காரன் அதைப் படிச்சிட்டு நடுங்குவான். நாம டீயை ஆத்திக்கிட்டே, சரி, எத்தனைன்னு கேப்போம். ஏன்னா நமக்கு நம்பருக்குப் பொருள் தெரியும். மொத்தம் 11 இருக்கு. 1, 2 ரெண்டும் தூரத்துச் சேதி. நடுக்கடல்ல என்னமோ சுத்துது, கரைக்கு இன்னும் ஒண்ணுமில்ல. 3, 4 வந்தா நம்ம துறைமுகத்துக்கே காத்து வருதுன்னு அர்த்தம். 5ல இருந்து 7 வரைக்கும் அபாயம், 8ல இருந்து 10 வரைக்கும் பெரிய அபாயம். 11 இருக்கு பாரு, அது தனி ரகம். வானிலைக்காரங்களோட தொடர்பே அத்துப்போச்சுன்னு சொல்றது.

உன் டிஸ்குக்கும் அதே கணக்கை வச்சுக்க. திறக்க நேரமாகுதா? 1. அது டிஸ்குதான்னு சத்தியம் பண்ண முடியாது. வைரசா இருக்கலாம், மெமரி பத்தாம இருக்கலாம், ஏன், கேபிளாக்கூட இருக்கலாம். ஆனா காதைத் தீட்டி வச்சுக்க. காப்பி பாதியில நிக்குதா, ஃபைலு காணாமப் போகுதா, ஆன் பண்ணும்போதெல்லாம் டிஸ்கை சோதிக்கிறேன்னு அதுவா உக்காந்து எண்ணுதா? 3, 4. படகைக் கரையேத்து. டிக்கு டிக்குன்னு தட்டுதா, 'இதை ஃபார்மேட் பண்ணாத்தான் ஆகும்'னு கேக்குதா? 8ஐத் தாண்டிருச்சு. கம்ப்யூட்டருக்கு டிஸ்கு இருக்குறதே தெரியலையா? அது 11. அதுக்கப்புறம் என்கிட்ட சேதி இல்ல. ரெக்கவரி கடைக்காரன் சொல்லுவான், பில்லோட.

ஃபார்மேட் பண்ணட்டுமான்னு அது கேட்டதும் 'சரி'ன்னு அமுக்குற கூட்டம் ஒண்ணு இருக்கு தெரியுமா? கலியாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பகூட அம்புட்டு வெரசாத் தலையாட்டிருக்க மாட்டான். அது என்ன கேக்குதுன்னு படிச்சியாடான்னா, "எல்லாத்துக்கும் ஓகேதானே தாத்தா குடுப்போம்"ங்கிறான். படிச்ச புள்ள! என்சினியரு வேற!

உள்ள என்னதான் இருக்குன்னு பேரன் ஒருநா செத்த டிஸ்கு ஒண்ணைக் கழட்டிக் காட்டுனான். முகம் பாக்கலாம், அம்புட்டு வழவழப்பா ஒரு தட்டு. நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்துறது ஒரு சாதி, 7200 சுத்துறது ஒரு சாதி. 7200ன்னா நொடிக்கு 120 சுத்து. அதுக்கு மேல ஒரு பொடித் தலை தட்டைத் தொடாம மிதந்துக்கிட்டே படிக்குது, எழுதுது. தலைக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு சில நானோமீட்டருதானாம். அது எம்புட்டுன்னு கேட்டேன். என் தலைமுடி ஒண்ணைப் பிடுங்கிக் காட்டி, இதோட தடிமன் 80,000 நானோமீட்டருக்கு முன்னப்பின்ன இருக்கும்னான். இருக்குற நாலு முடியில ஒண்ணு போச்சு.

அந்தத் தலை தட்டுல ஒரு வாட்டி உரசுச்சுனா மேல இருக்குற காந்தப் பூச்சு சுரண்டிப் போயிரும். அந்தப் பூச்சுலதான் உன் தங்கச்சி கலியாணம் இருக்கு, உன் மார்க் சீட்டு இருக்கு, கடைக் கணக்கு இருக்கு. அந்த டிக்கு சத்தம் என்னன்னு நினைச்ச? தலை தான் தேடுற தடத்தைக் காணாம, பழைய எடத்துக்குத் திரும்பிப் போயி, மறுபடி வந்து தேடி, மறுபடி போயி... அதுதான். அது அப்படித் தவிச்சிக்கிட்டிருக்க, நீ அதுல சினிமாப் படம் ஓடுமா ஓடாதான்னு போட்டுப் பாக்குற.

1956ல ஐபிஎம்காரன் மொத ஹார்ட் டிஸ்கு செஞ்சானாம். ராமாக்னு பேரு. 24 இஞ்சு அகலத்துல 50 தட்டு, ஒரு டன்னு எடை. அம்புட்டும் சேந்து கொண்டது சுமார் 5 எம்பி. இன்னைக்கி உன் செல்லுல எடுக்குற போட்டோ ஒண்ணு வைக்கலாம், மிஞ்சுனா ரெண்டு. ஆனா ஒண்ணு, ஒரு டன்னுப் பொட்டியை எவனும் பஸ்ல மறந்து வச்சிட்டு வரமாட்டான்.

இன்னொரு சங்கதி. டிஸ்கு டப்பா மேல ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். பக்கத்துலயே இந்த ஓட்டையை மூடாதேன்னு எழுதியிருக்கும். உள்காத்தும் வெளிக்காத்தும் அழுத்தத்துல சமமா இருக்கணும்ல, அதுக்கு. வடிகட்டி ஒண்ணு வச்சிருக்கான், தூசியை நிறுத்தும். ஈரத்தை முழுசா நிறுத்துமா? ஹீலியம் அடைச்சு ஓட்டையே இல்லாம சீல் வச்சதும் இப்ப வருது. அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வாங்குறது. உன் மேசை மேல இருக்குறது ஓட்டை வச்சதுதான்.

நம்ம ஊருக் காத்து எப்படி? வாடை வந்தாலும் ஈரம், கச்சான் வந்தாலும் உப்பு. மண்டபத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் எந்த வீட்டு சன்னல் கம்பியாச்சும் துருப்பிடிக்காம இருக்கா? 2016ல மைக்ரோசாஃப்டுக்காரங்களும் ஒரு பல்கலைக்கழகத்து ஆளுகளும் சேந்து 9 டேட்டா சென்டர்ல 10 லட்சத்துக்கு மேல டிஸ்குகளைக் கணக்கெடுத்துப் பாத்தாங்களாம். டிஸ்கைக் கெடுக்குறதுல சூட்டை விட ஈரக்காத்துக்குத்தான் பங்கு பெருசுன்னு கண்டாங்க. தட்டை விட, அதோட மாட்டியிருக்குற பலகையையும் முனைகளையும்தான் ஈரம் அரிக்குதாம். இதுக்கு எதுக்குடா 10 லட்சம் டிஸ்கு? தங்கச்சிமடத்துல ஒரு சைக்கிளை ஒரு மழைக்காலம் வாசல்ல நிறுத்திப் பாத்தாப் போதாதா?

அதனால, சத்தம் ஏதுமில்லாம டிஸ்கு மட்டும் வந்து வந்து மறைஞ்சா, மொதல்ல கேபிளைப் பாரு. முனை கருத்திருக்கான்னு பாரு. வேற கேபிள், வேற சொருகு போட்டுப் பாரு. நூறு ரூவாக் கேபிளுக்காக நாலாயிரம் ரூவா டிஸ்கைக் குப்பையில போட்டவனும் நம்ம ஊருல உண்டு. தனி டிஸ்கு வச்சிருந்தா மூடி இறுகுன டப்பாவுல போட்டு, ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ரெண்டு கூடப் போட்டு, பீரோவுக்குள்ள வையி. புதுச் செருப்போட வருமே, 'தின்னாதே'ன்னு எழுதி, அந்தப் பொட்டலந்தான். நீங்கதான் அதை வாங்குன அன்னைக்கே தூக்கிப் போட்டுர்றீங்களே.

இனி உங்க வைத்தியங்களுக்கு வருவோம். ஆத்தாடி, என்னா வைத்தியம்! ஒருத்தன் ஃப்ரீசர்ல வச்சா சரியாயிரும்னு எவனோ வீடியோவுல சொன்னான்னு, மீன் வைக்கிற ஐஸ் பொட்டியில வச்சே கொண்டாந்தான். டிஸ்கு எடுக்கும்போது கூட ரெண்டு கணவாயும் வந்துச்சு. குளிர்ல இருந்து எடுத்ததும் தட்டு மேல ஈரம் பூக்காதா? பூத்ததுக்கு மேல தலை பறக்குமா, சறுக்குமா? இன்னொருத்தன் ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சிருக்கான். வையி, தப்பில்ல. ஆனா சந்தனம் போயி அந்தப் பொட்டு ஓட்டையை அடைச்சிருக்கு. மூணாவது ஆளு ஸ்குரு டிரைவரை எடுத்து மூடியவே கழட்டிட்டான். "உள்ள தூசி இருந்துச்சு தாத்தா, ஊதி விட்டேன்." ஊதி விட்டியா? எச்சில் தெறிக்க ஊதுன உன் வாயில... சரி விடு. ரெக்கவரிக்காரன் தூசியே இல்லாத ரூமுக்குள்ள, தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுத் திறக்குறதை, நீ மீன் குழம்பு தின்ன வாயோட திண்ணையில உக்காந்து திறந்திருக்க.

இவங்களாச்சும் பரவால்ல. சோதனைக்காரங்கன்னு ஒரு சாதி இருக்கு. சத்தம் கேட்டதும் ஏழெட்டு சாஃப்ட்வேரை இறக்குவான். இது 62 மார்க் குடுத்துச்சு, அது 48 குடுத்துச்சுன்னு ஒப்பிட்டுக்கிட்டுக் கெடப்பான். ராத்திரி முழுக்க முழுச் சோதனை ஓட விடுவான். காலையில மார்க்கு வந்துரும், டிஸ்கு போயிரும். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேம்பாங்க. மணி கேட்டதும் ஒதுங்காம, மணி வெங்கலமா பித்தளையான்னு ஆராயிறவனை என்ன செய்ய?

ஒரு வாட்டி பாக்குறதுல தப்பில்ல. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு சும்மாக் கெடைக்கிறது ஒண்ணு இருக்கு. நல்லா இருந்தா நீலம், சந்தேகம்னா மஞ்சள், கெட்டுச்சுனா சிவப்பு காட்டும். அதுல ரெண்டு மூணு வரியத்தான் பாக்கணும். டிஸ்கு தனக்குள்ள கொஞ்சம் உபரி எடம் வச்சிருக்கும். ஒரு எடம் கெட்டா, அதுக்குப் பதிலா உபரியில ஒண்ணை எடுத்துக்கும். எத்தனை எடம் அப்படி மாத்திருக்குன்னு ஒரு வரி. மாத்தலாமா வேணாமான்னு முழிச்சிக்கிட்டு எத்தனை நிக்குதுன்னு ஒரு வரி. படிக்கவே முடியலன்னு கைவிட்டது எத்தனைன்னு ஒரு வரி. மூணும் சைபரா இருக்கணும். சைபர் இல்லாமப் போயி, வாரா வாரம் ஏறுச்சுனா முடிஞ்சுச்சு கதை.

கூகுள்காரன் 2007லயே 1 லட்சத்துக்கு மேல டிஸ்குகளை வச்சு ஒரு கணக்கு வெளியிட்டான். தட்டோட மேற்பரப்புச் சோதனையில ஒரே ஒரு தப்பு தென்பட்ட டிஸ்கு, அடுத்த 60 நாளுக்குள்ள சாகுறதுக்கு மத்ததை விட 39 மடங்கு வாய்ப்பாம். 39! ஒரே தப்புதானேன்னு நீ சொல்லுவ. அதே கணக்குல இன்னொண்ணும் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. செத்துப்போன டிஸ்குகள்ல பாதிக்கு மேல, முக்கியமான நாலு அடையாளத்துல ஒண்ணைக்கூடக் காட்டாமலே செத்துருக்கு. கூண்டு ஏத்தல, அதனால புயல் இல்லன்னு கடலுக்குப் போனவன் கதி என்னாகும்? நீலம் காட்டுது நீலம் காட்டுதுன்னு மார்தட்டாத.

"என்கிட்ட இருக்குறது எஸ்எஸ்டி தாத்தா, அதுல சுத்துறதே இல்ல, சத்தமே வராது"ன்னு ஒரு பய சட்டைக் காலரைத் தூக்கி விட்டான். சரிதான். சத்தம் வராது. சாகும்போதும் வராது. அது பாட்டுக்குச் சாயங்காலம் நல்லா இருந்து, விடியக் காலையில கண்ணத் தொறக்காது. அதுலயும் வருசக்கணக்காக் கரண்டு குடுக்காம பொட்டியில பூட்டி வச்சா உள்ள இருக்குறது மெல்ல மெல்லக் கரைஞ்சுரும். வேகம் இருக்கு, இல்லங்கல. ஆனா கூண்டு ஏத்துறதுக்கு அங்க எப்பவும் ஆளு இருக்க மாட்டான்.

சரி, என்னதான் செய்யச் சொல்றீருங்கிற. நம்ம பாம்பன் பாலத்தைப் பாத்தியா? 1914ல திறந்த ரயில் பாலம். 1964ல அடிச்ச புயல் அதைப் பிச்சுப் போட்டுச்சு. ஸ்ரீதரன்ங்கிற என்சினியரு 46 நாள்ல திருப்பிக் கட்டி ரயில விட்டாரு. அதுக்கப்புறமும் உப்புக்காத்து தின்னுக்கிட்டேதான் இருந்துச்சு. சுரண்டுனாங்க, பெயின்ட் அடிச்சாங்க, இரும்பை மாத்துனாங்க. கடைசிக் காலத்துல ரயிலு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துலதான் ஊர்ந்துச்சு. அசைவைக் கவனிக்கப் பாலத்துல சென்சார் மாட்டுனாங்க. 2022 டிசம்பர்ல அது சிவப்பு காட்டுச்சு. என்ன செஞ்சாங்க? இன்னும் ஒரே ஒரு ரயில விட்டுப் பாப்போம்னாங்களா? நிறுத்திட்டாங்க. ரயிலு மண்டபத்தோட நின்னுச்சு. ஜனங்க இறங்கி, 1988ல திறந்த ரோட்டுப் பாலத்துல பஸ்ஸு பிடிச்சு ராமேஸ்வரம் போனாங்க. முணுமுணுத்தாங்க, போனாங்க.

அதுல நீ கவனிக்க வேண்டியது வேற. பழைய பாலத்துல ரயில் ஓடிக்கிட்டிருக்கும்போதே 2019ல புதுசுக்கு அடிக்கல் வச்சுட்டாங்க, மறுவருசம் வேலையும் நடந்துச்சு. பக்கத்துலயே எந்திரிச்சுக்கிட்டிருந்துச்சு. 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. பழசு விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்திருந்தா இன்னைக்கி மண்டபத்துல நின்னு கையைத் தட்டிக் கூப்பிட வேண்டியதுதான். சர்க்கார் காரியத்துல குறை சொல்ல எனக்கு ஆயிரம் இருக்கு. இதுல என் வாயி அடைச்சுப் போச்சு.

நீயும் நிறுத்து. டிக்கு சத்தம் பலமா வந்தா அணைச்சிட்டுப் பேசாம இரு. உள்ள இருக்குறது உயிர் போற காரியம்னா, காசைப் பாக்காம ரெக்கவரிக்காரன்கிட்ட போ. ஒவ்வொரு வாட்டி ஆன் பண்றப்பவும் உன் காசுதான் தேயுது. சத்தம் இல்ல, மெதுவாத்தான் படிக்குதுன்னா, புது டிஸ்கு ஒண்ணை வாங்கிட்டு வந்து காப்பி எடு. பழசுல எதையும் எழுதாத. ரிப்பேர் பண்ற புரோகிராமை ஓட்டாத. அடுக்கி வைக்கிறேன்னு டிஃப்ராக் போடாத. காணாமப் போனதைத் தேடுற சாஃப்ட்வேரை அதே டிஸ்குல போய் ஏத்தாத, தேடுற பொருளு மேலயே ஏறி உக்காந்துரும்.

எதை மொதல்ல எடுப்ப? இங்கதான் உங்க அழகைப் பாக்கணும். ஒருத்தன், டிஸ்கு முனகிக்கிட்டிருக்க, ஏஏஏ-ன்னு ஆரம்பிக்கிற ஃபோல்டர்ல இருந்து வரிசையா இழுத்தான். மொதல்ல போனது 40 சினிமாப் படம். அடுத்தது பாட்டு. மூணாவதா கேம். 'வளைகாப்பு'ங்கிற ஃபோல்டர் வர்றதுக்குள்ள டிஸ்கு கண்ண மூடிருச்சு. பொண்டாட்டி பின்னாடிதான் நிக்கிறா. நான் மெல்ல எந்திரிச்சு வெளிய போயிட்டேன், பெரிய மனுசன் பாக்கக்கூடாத காட்சி அது.

சினிமா எங்கயும் கெடைக்கும். கெடைக்காதது எது? புள்ள மொதமொதல்ல நடந்த வீடியோ. செத்துப்போன அப்பாவோட குரலு. பட்டா, பத்திரத்தை ஸ்கேன் எடுத்தது. கடைக் கணக்கு. அதைத்தான் மொதல்ல எடுக்கணும். மொத்தமா இழுக்காத, கொஞ்சம் கொஞ்சமா எடு. ஒரு ஃபைலு முரண்டு பிடிச்சா அதோட மல்லுக்கு நிக்காத, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. விவரம் தெரிஞ்ச ஆளுக டிடி-ரெஸ்க்யூன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அது பண்றதும் இதுதான். படிக்க வர்றதை எல்லாம் மொதல்ல வாரிக்கிட்டு, முரண்டு பிடிக்கிறதுக்குக் கடைசியில திரும்பி வரும். மீனு ஏலத்துல என் ஆத்தா கடைப்பிடிச்சதும் அதேதான். யாரும் காப்பிரைட்டு வாங்கல.

இதுக்கெல்லாம் முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னா கொட்டாவி விடுவ. விடு. எந்தப் பொருளுக்கும் மூணு படி இருக்கணும், ரெண்டு வேற வேற வகையில இருக்கணும், ஒண்ணு வேற எடத்துல இருக்கணும். பீட்டர் குரோங்கிற போட்டோக்காரரு இந்தக் கணக்கைப் புஸ்தகத்துல எழுதி வச்சாரு. 3-2-1ம்பாங்க. நம்மாளுக மூணு படி எடுத்துருவானுக. மூணையும் ஒரே பீரோவுல அடுக்கி வச்சு, சாவியையும் பீரோ மேலயே வச்சிருவானுக.

வேற எடம்னா பக்கத்து ரூமு இல்லடா. 1964 டிசம்பர் 22, அந்தப் புயல் அடிச்ச ராத்திரி, நான் டவுசர் போட்ட பய. தனுஷ்கோடியில ரயில் நிலையம் இருந்துச்சு, போஸ்ட் ஆபீசு இருந்துச்சு, சுங்கச் சாவடி இருந்துச்சு, கோயில் இருந்துச்சு, சர்ச்சு இருந்துச்சு. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு ஆளுகளோட கடலுக்குள்ள போச்சு. அதை வச்சு நையாண்டி பண்ண எனக்கு மனசு வராது. இதை மட்டும் சொல்லிர்றேன். ஒருத்தன் வீட்டுப் பத்திரத்தைப் பொட்டியில ஒண்ணு, அடுத்த தெருவுல மாமியார் வீட்டுல ஒண்ணுன்னு வச்சிருந்தாலும், அன்னைக்கி ரெண்டும் ஒரே தண்ணியிலதான் போயிருக்கும்.

அதனால ஒரு படி பாலத்தைத் தாண்டி இருக்கட்டும். மதுரையில அக்கா வீட்டுல குடுத்து வையி. மாப்ளைக்கிட்ட இல்ல, அக்காகிட்ட. இல்ல, அந்த மேகத்துலதான் வைப்பேன்னா வையி, அதுவும் ஒரு படிதான். ஆனா தானா ஒத்துப் பாத்துக்குற வகையா இருந்தா ஒண்ணைத் தெரிஞ்சுக்க. இங்க நீ அழிச்சா அங்கயும் அழியும். அது நிழலு, படி இல்ல.

எடுத்து வச்ச படியை எப்பவாச்சும் தொறந்து பாத்தியா? பாக்க மாட்ட. 1998ல அமெரிக்காவுல பிக்சார் கம்பெனிக்காரன் 'டாய் ஸ்டோரி 2' படம் எடுத்துக்கிட்டிருந்தான். எவனோ ஒரு கட்டளையைத் தப்பா அடிக்க, படத்துல பெரும்பகுதி அழிஞ்சு போச்சு. பேக்கப் இருக்கேன்னு போயிப் பாத்தா, அது எப்பவோ கெட்டுக் கெடந்துருக்கு, ஒருத்தனும் கவனிக்கல. கோடிக்கணக்குல காசு போட்ட கம்பெனி! காலின் சஸ்மன்ங்கிற அம்மா கைக்குழந்தைக்காரி, வீட்டுல இருந்து வேலை பாக்குறதுக்காக ஒரு படி தன் கம்ப்யூட்டர்ல வச்சிருந்தாங்க. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி, காருல பத்திரமாக் கொண்டாந்துதான் படத்தைக் காப்பாத்துனாங்க. அம்புட்டுப் பெரிய கம்பெனி கடைசியில ஒரு கைக்குழந்தைக்காரி வீட்டுப் பொட்டியை நம்பி நின்னுச்சு.

போன வாரம் ஒரு டீச்சரம்மா வந்துச்சு. மகனுக்குப் பள்ளிக்கூடத்துல சர்க்கார் குடுத்த பழைய லேப்டாப்பு. வாழ்க்கையே அதுலதான் இருக்குன்னு அழுதுச்சு. பேரன் போட்டுப் பாத்தான், டிஸ்கு சுத்தவே இல்ல. சரி, வேற எங்கயாச்சும் படி இருக்காம்மான்னு கேட்டேன். மூக்கைத் துடைச்சிக்கிட்டு யோசிச்சுச்சு. "அவன் சிங்கப்பூர் போகும்போது ஒரு பென் டிரைவுல எல்லாத்தையும் போட்டுக்கிட்டுப் போனான்." அப்புறம் என்னத்துக்கும்மா அழுகுற? "அவன்கிட்ட நான் மூணு மாசமாப் பேசல தாத்தா." இந்தா செல்லு, இப்பப் பேசுன்னேன். பேரனுக்கு அன்னைக்கும் வருமானமில்ல.

செத்த டிஸ்கை என்ன பண்றதுன்னு கேட்ட பாரு, அது நல்ல கேள்வி. பழைய இரும்புக்காரன்கிட்ட அப்படியே போட்டுறாத. உனக்குத்தான் அது படிக்க வரல. கைவேலைக்காரன் கையில கெடச்சா உன் ஆதாரும் பேங்க் பாஸ் புக்கும் படிக்க வரும். மூடியைக் கழட்டி, தட்டுல ஆணியை வச்சு நாலு அடி அடி. சிலது கண்ணாடித் தட்டு, சில்லுச் சில்லாத் தெறிக்கும், அதனால துணியைச் சுத்திக்கிட்டு அடி. பலகையை எலெக்ட்ரானிக் குப்பை எடுக்குறவன்கிட்ட குடு. உள்ள ஒரு மூலையில காந்தம் ரெண்டு துண்டு இருக்கும். சின்னதுதான், பிடி பயங்கரம். நடுவுல வெரலக் குடுத்துறாத. அது ரெண்டையும் மட்டும் பத்திரமாக் கழட்டி என்கிட்ட கொண்டாந்து குடு. பேரன் கடையில தெனம் கீழ விழுற ஸ்குருவைக் குனிஞ்சு பொறுக்க என் இடுப்பு விடமாட்டேங்குது.